மும்பையில் புதுக்குடித்தனம்: சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வருபவர்களுக்கு

ஊரில் ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிபோனால், பால் காய்ச்சி முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்து பூர்வீகம் வரை விசாரித்துவிடுவார். மும்பையில் ஆறு மாதம் ஆனாலும் பக்கத்துக் கதவுக்காரர் உங்கள் பெயரைக் கேட்காமலே இருக்கலாம். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு மனம் சுருங்கிப்போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு உங்கள் கதையில் அக்கறை கிடையாது. உங்களால் தங்களுக்கு என்ன இடைஞ்சல் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புவார்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள், என்றைக்குச் சாமான் ஏற்றுவீர்கள், விருந்தாளி எத்தனை நாள் தங்குவார். கேட்பதற்கு முன்பே இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறவரை ஊர் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது.

தமிழர்கள் அதிகம் வாழும் சயான், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முலுண்ட், டோம்பிவிலி போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வாடகை குறையும், ரயிலில் நிற்கும் நேரம் கூடும்.

வீடு பேசும்போது

தரகர் இல்லாமல் இங்கே வீடு அமைவது அபூர்வம். வழக்கமான தரகு ஒரு மாத வாடகை. அதைப் பேசி முடித்துவிட்டு வீடு பார்க்கக் கிளம்புங்கள். வீடு பிடித்துப்போன பிறகு பேரத்துக்குப் பலம் இருக்காது. 'ஒன் ஆர்கே' என்றால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். பரப்பளவைக் கேட்கும்போது 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று கேளுங்கள். சுவருக்குள் நீங்கள் உண்மையில் கால் வைக்கும் இடம் அது. மற்றக் கணக்குகளில் மாடிப்படியும் லிஃப்டும்கூடச் சேர்ந்துவிடும்.

'ஹெவி டெபாசிட்' என்று ஒன்றைச் சொல்வார்கள். பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமலோ பெயருக்கு ஒரு வாடகையிலோ குடியிருப்பது. நம் ஊர் ஒத்திதான். வட்டிக் கணக்குப் போட்டால் லாபமாகத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால், அடுத்த குடித்தனக்காரர் பணத்தோடு வரும்வரை நீங்கள் வெளியேற முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

தாதர், மாட்டுங்கா, பரேல் பக்கத்துப் பழைய கட்டடங்களில் 'பகடி' வீடுகள் உண்டு. கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருவர், தலைமுறையாக வாடகை உரிமையோடு குடியிருப்பவர் இன்னொருவர். உங்களிடம் பேசுகிறவர் இருவரில் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு நுழைந்தால் வம்பு உங்கள் தலையில்தான் விடியும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள். மற்ற மாநிலங்களில் 11 மாதம்தானே என்று பதிவு செய்யாமல் விட்டுவிடும் பழக்கம் உண்டு. இங்கே அப்படி விட முடியாது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55-ஆம் பிரிவு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பையும் வீட்டுக்காரர் மேல்தான் வைக்கிறது. பதிவு இல்லாமல் தகராறு வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை நிபந்தனைகளைப் பற்றிக் குடித்தனக்காரர் சொல்வதே எடுபடும். இது தெரிந்த வீட்டுக்காரர் எவரும் பதிவைத் தட்டிக்கழிக்க மாட்டார். அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மடிக்கணினியும் கைரேகைக் கருவியுமாக ஏஜென்ட் வீட்டுக்கே வருவார். ஆதார் அட்டையை எடுத்து வையுங்கள். முத்திரைக் கட்டணமும் ஏஜென்ட் கூலியும் யார் கணக்கு என்பதை அவர் வந்து உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். புதுக் குடித்தனக்காரர் வந்திருப்பதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியவரும் வீட்டுக்காரர்தான். தெரிவித்ததற்கான நகலைக் கேட்டு வாங்குங்கள். சொசைட்டி கட்டாயம் கேட்கும்.

சொசைட்டி என்னும் இரண்டாவது வீட்டுக்காரர்

வீட்டுக்காரர் தலையசைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கட்டடத்துக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கும். எல்லோரும் சொசைட்டி என்பார்கள். அதன் செயலாளரை முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் பாருங்கள். பணி ஓய்வு பெற்றவராக இருப்பார், மாலையில் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்க வேண்டியவை: எந்தக் கிழமை சாமான் ஏற்றலாம், லிஃப்டில் பீரோ ஏற்றலாமா, மதியம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை சுவரில் துளை போடக்கூடாது, வண்டி நிறுத்த இடம் உண்டா. வாடகைக்கு விட்ட வீடுகளுக்குச் சொசைட்டி தனிக் கட்டணம் வாங்கும். அது பராமரிப்புச் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதை வீட்டுக்காரர் கட்டுவதுதான் முறை. உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

சில கட்டடங்களில் அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு தர மாட்டார்கள். எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்காது. தரகர்தான் பேச்சோடு பேச்சாக "நீங்கள் வெஜ்தானே?" என்பார். மீன் குழம்பு வைக்கிற குடும்பம் என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த வீடு கைநழுவும், போகட்டும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு நெத்திலி வறுக்கும் பிழைப்பு யாருக்கும் வேண்டாம்.

தண்ணீர், மின்சாரம், குப்பை

மும்பைக்குக் குடிநீர் ஏழு நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது: அப்பர் வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, மிடில் வைதர்ணா, பாட்சா, விஹார், துளசி. மாநகராட்சிக் குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். அடுக்குமாடிகளில் அது தொட்டியில் சேர்ந்து மேலே ஏறும். பழைய சால் வீடுகளில் (ஒரே நடைவழியில் வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள கட்டடங்கள்) விடியற்காலையில் எழுந்து பிடிக்க வேண்டும். வீடு பார்க்கும்போது தரகரிடம் கேட்டால் "இருபத்து நான்கு மணி நேரமும் வரும்" என்பார். கீழ்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஜூனில் மழை தள்ளிப்போனால் தண்ணீர் வெட்டு அறிவிப்பார்கள். ஏழு ஏரிகளின் மட்டம் நாளிதழில் வரும்; மே கடைசியில் ஊரே அதைத்தான் முதலில் படிக்கும்.

மின்சாரம் தீவு நகரத்தில், அதாவது சயான், மாஹிம் வரையிலான தெற்குப் பகுதியில், மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனத்துடையது, புறநகரில் பெரும்பாலும் அதானி அல்லது டாடா. பழைய பாக்கி இல்லை என்பதற்குக் கடைசி ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பையில் ஈரம் தனி, உலர்ந்தது தனி.

வாசலுக்கு வருபவர்கள்

வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பாயி என்பது பொது வழக்கு. நேருக்கு நேர் பேசும்போது வயதில் மூத்தவர் என்றால் 'மாவ்ஷி' என்றே அழையுங்கள். சித்தி, பெரியம்மா முறை. கூலி வேலைக்குத் தகுந்தபடி: பாத்திரம் ஒரு கணக்கு, பெருக்கித் துடைப்பது ஒரு கணக்கு, துணி ஒரு கணக்கு, சமையல் தனி. முதல் கேள்வியாக "எத்தனை பேர்?" என்பார். இருவர் என்று சொல்லிவிட்டு மாமனார் மாமியாரை வரவழைத்து மூன்று மாதம் வைத்துக்கொண்டால் கூலி கூட்டிக் கேட்பது நியாயம். மாதத்துக்கு எத்தனை நாள் விடுப்பு என்பதை முதல் நாளே பேசுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதக் கூலி போனஸ் என்பது எழுதாத சட்டம். கட்டடத்தில் ஏழெட்டு வீடுகளுக்கு வேலை செய்கிறவருக்கு உங்கள் வீட்டு நேரம் என்று ஒன்று உண்டு. நீங்கள் பூட்டிக்கொண்டு போவதானால் முந்தின நாளே சொல்லுங்கள். சொல்லாமல் போனால் மறுநாள் அவர் கடைசியாக உங்கள் வீட்டுக்கு வருவார். திட்ட மாட்டார், வருவதுதான் தாமதமாகும்.

இஸ்திரிக்காரர் துணி எண்ணிக்கையைச் சிறு நோட்டில் குறித்துக்கொள்வார், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பால், நாளிதழ் மாதக் கணக்கு. விநாயகர் சதுர்த்திக்கு முன்பு இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்தோடு 'வர்கணி', அதாவது விழா நன்கொடை, கேட்டு வருவார்கள். தொகையை அவர்கள் சொன்னாலும் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், கதவைத் திறக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். மழையில் மின்கம்பி அறுந்தாலும், நடு இரவில் ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டியிருந்தாலும் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான்.

விடியற்காலையில் ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டால் அது இட்லிக்காரர். தாராவியில் இருட்டோடு எழுந்து வேகவைத்த இட்லியைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் வைத்து, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். சட்னி ஒரு தூக்கில், சாம்பார் இன்னொன்றில். வாடிக்கையாளர்களிடம் இந்தி பேசிக்கொண்டிருப்பவர், நீங்கள் தமிழில் வாயைத் திறந்ததும் "எந்த ஊர்?" என்பார். பெரும்பாலும் அவர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமாக இருப்பார். நம்மிடம் ஊர் பெயரைக் கேட்கும் மும்பைக்காரர் அவர் ஒருவர்தான். அவரிடம் கேட்டால் அந்தப் பகுதியில் நல்ல குழாய்க்காரர் யார், எந்தக் கடையில் மீன் புதிது என்பதெல்லாம் தெரியும், தரகரைவிட நம்பலாம்.

ரயில்

இதைக் கற்றுக்கொள்ளாமல் மும்பையில் இருக்க முடியாது. கற்றுக்கொண்டால் கார் தேவைப்படாது.

முதலில் வரைபடம். சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) தானே, கல்யாண் போவது மத்தியப் பாதை. சர்ச்கேட்டிலிருந்து பாந்த்ரா, போரிவிலி, விரார் போவது மேற்குப் பாதை. செம்பூர், வாஷி, பன்வேல் போவது துறைமுகப் பாதை. மேற்கும் மத்தியும் தாதரில் சந்திக்கும். செம்பூர்க்காரர்களுக்குக் குர்லாதான் மாறும் இடம். மாட்டுங்காவில் வீடு என்றால் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. மாட்டுங்கா மத்தியப் பாதையில், மாட்டுங்கா ரோடு மேற்குப் பாதையில், கிங்ஸ் சர்க்கிள் துறைமுகப் பாதையில். விருந்தாளிக்கு வழி சொல்லும்போது "மாட்டுங்காவில் இறங்கு" என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். (மத்தியப் பாதை மாட்டுங்காவை 2017 முதல் பெண் ஊழியர்களே முழுக்க நடத்துகிறார்கள்.)

இரண்டாவது, ஃபாஸ்ட், ஸ்லோ. மத்தியப் பாதை ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவிலும் சயானிலும் நிற்காது. தாதரில் அவசரமாக ஏறினால் குர்லாவில் போய் இறங்கித் திரும்பி வர வேண்டும். பிளாட்பார அறிவிப்புப் பலகையில் ஊரின் சுருக்கெழுத்தும், ஃபாஸ்டா ஸ்லோவா என்பதும், எத்தனை பெட்டி என்பதும் இருக்கும். 'கே' என்றால் கல்யாண், 'டி' என்றால் தானே. பலகையைப் பார்த்த பிறகே ஏறுங்கள். கூட்டம் ஏறுகிறதே என்று பின்னால் போகாதீர்கள்.

மூன்றாவது, பெட்டி. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வெளிப்பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது. புதியவர்கள் பெட்டி மாறி ஏறி மாட்டிக்கொள்வது இங்கேதான். பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். பெண்கள் பெட்டிகளில் சில நாள் முழுவதும் பெண்களுக்கு, சில குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், கதவருகே எழுதியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் மாத சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான பாடம். காலையில் கூட்டம் தெற்கே போகும், மாலையில் வடக்கே திரும்பும். தாதரில் இறங்க வேண்டும் என்றால் தாதர் வந்த பிறகு எழுந்து பயனில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே எழுந்து, வாசல் பக்கம் நிற்பவரின் தோளைத் தொட்டு "தாதர்?" என்று கேளுங்கள். ஒற்றைச் சொல் போதும். அவர் தலையசைத்தால் அவர் பின்னால் நின்றுகொள்ளலாம், கூட்டமே உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடும். இல்லை என்றால் அவர் பக்கவாட்டில் திரும்பி உங்களை முன்னால் விடுவார். அடுத்தவரிடம் இதையே கேட்க வேண்டும். மூச்சுவிட இடமில்லாத பெட்டிக்குள், இறங்குகிறவர்களின் வரிசை ஒன்று இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கேட்காமல் முண்டுகிறவருக்குத்தான் வசவு விழும்.

உட்கார்வதற்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரிடம் "கிதர் உதரேகா?" என்று கேட்டு, அவர் குர்லா என்றால், குர்லாவில் அந்த இடம் உங்களுடையது. உங்களுக்குப் பின் வந்து கேட்பவரிடம் அவரே "இடம் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார். மூன்று பேர் பலகையில் நான்காவதாக உட்காரவும் உரிமை உண்டு. ஓரத்தில் நின்று கையால் லேசாகச் சைகை காட்டினால் மூவரும் பேசாமல் கொஞ்சம் நகர்வார்கள். பாதி உடம்புதான் பலகையில் இருக்கும், ஒரு கால் நடைவழியில் ஊன்றியிருக்கும். முழுதாகக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று போன் பேச வேண்டாம். தண்டவாள ஓரத்தில் கழியோடு நின்று, ஓடும் ரயிலில் கையைத் தட்டிப் போனை விழவைக்கும் திருடர்கள் உண்டு. கையோடு ஆளும் விழுந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

ஆட்டோ, டாக்சி, பஸ்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்ப அதிர்ச்சி: ஆட்டோக்காரர் மீட்டர் போடுவார், சில்லறையும் திருப்பித் தருவார். 2025 பிப்ரவரி முதல் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய், கறுப்பு மஞ்சள் டாக்சிக்கு 31 ரூபாய். இது முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு. நள்ளிரவு முதல் விடியற்காலை 5 மணிவரை கால் பங்கு கூடுதல். ஆனால் ஆட்டோ புறநகரில் மட்டும்தான் ஓடும். சயானையும் மாஹிமையும் தாண்டித் தெற்கே வராது. செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ஆட்டோ கேட்டால் சயானில் இறக்கிவிடுவார். கோபப்படாதீர்கள், அது சட்டம். கிட்டத்தூரத்துக்கு மறுப்பார்கள் என்பதும் உண்மைதான். அதற்கு ஷேர் ஆட்டோ வரிசை இருக்கிறது, அதில் நில்லுங்கள்.

பெஸ்ட் பஸ்கள் பலவற்றில் முகப்பு எண் மராத்தி இலக்கத்தில் இருக்கும், ஆங்கில எண்ணைப் பக்கவாட்டில் தேட வேண்டும். பஸ் நிற்கும்வரை காத்திருந்து பக்கவாட்டைப் படிப்பதற்குள் அது கிளம்பிவிடும். பத்து இலக்கங்களை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் சாமான், நம் மனிதர்கள்

வாழை இலை, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், அப்போது வறுத்து அரைத்த காப்பித்தூள், எல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷனைச் சுற்றிய கடைகளில் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடத்தான். இலைச் சாப்பாட்டுக்கு 1942-இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி மெஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. கச்சேரிக்குச் சண்முகானந்தா அரங்கம்: 1963-இல் திறந்தார்கள், 1990-இல் தீப்பிடித்தது, 1998-இல் மறுபடி திறந்தது. முருகனுக்குச் செம்பூர் செடா நகர். தாராவி 90 அடி சாலையில் பொங்கலன்று பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். மாட்டுங்காவோடு நின்றுவிடுகிற தமிழர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்வழிப் படிப்பு வேண்டுமானால் மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன.

நம் ஆட்களோடு மட்டும் பழகிக் காலம் தள்ளிவிடவும் முடியும், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு வார்த்தை மராத்தி பேசிப் பாருங்கள். வயதானவரை 'காகா' என்றும் உங்கள் வயதுக்காரரைத் 'தாதா' என்றும் அழைத்தால் செயலாளரின் முகமே மாறும்.

மழை

ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி செப்டம்பர் வரை. குடையை நம்ப வேண்டாம். ரப்பர் செருப்பு, பைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அலுவலகத்தில் மாற்றுத் துணி. கனமழையோடு கடலில் பேரலை ஏற்றமும் சேரும் நாள்தான் ஆபத்து, வடிகால் நீர் கடலுக்குள் போகாது. அந்த நேரங்களைச் செய்தியில் முன்கூட்டியே சொல்வார்கள். தாதர் ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், அந்தேரி சுரங்கப்பாதை ஆகியவை முதலில் நிரம்பும். தண்டவாளம் சயான், குர்லா பக்கம் முழுகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்கள் இன்றும் சொல்வது ஒன்றுதான்: இருக்கும் இடத்திலேயே இருந்துவிடு. ரயில் நின்றுவிட்டது என்றால் கிளம்பாதீர்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு அலுவலகத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்தே தீர வேண்டும் என்றால் சாலை ஓரம் வேண்டாம், மூடி திறந்த சாக்கடை எங்கே என்று தெரியாது. முன்னால் போகிறவரின் தடத்தில் அடி வையுங்கள்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்து எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. முன்பணத்தைச் சாவி கொடுக்கும் அன்றே வாங்குங்கள், "அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். சுவர் அழுக்கு, வண்ணம் என்று பிடித்தம் பேசுவார்கள். குடிவந்த அன்று எடுத்த படங்கள் அப்போது உதவும். சாமான் இறக்கும் நாளைச் செயலாளரிடமும், கணக்கு முடிக்கும் நாளைப் பால்காரரிடமும் சொல்லுங்கள். மாவ்ஷியிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதே கட்டடத்தில் அவர் இன்னொரு வீடு பிடிக்க அந்த ஒரு மாதம் வேண்டும்.